‘பிறகு’ என்பதை அமுக்காத காலை

வாக்குமூலம் அளிப்பவர்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அலுவலகப் பொறுப்பாளர், ‘ஆபீஸம்மா’ என்று அழைக்கப்படுபவர். வயது 54. கணவர்: மேற்படி பள்ளியின் பயிற்சியாளர், ‘மாஸ்டர்’ என்று அழைக்கப்படுபவர், வயது 59. விலாசம்: காவல் நிலையத்திலிருந்து மூன்றாவது தெரு, டயர் கடைக்கு எதிரில், கீழே பள்ளி, மேலே வீடு.

நான் மேற்கண்ட விலாசத்தில் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். என் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள் என்பதால், ஆபீஸம்மா என்றே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். இம்மாதம் 14ஆம் தேதி காலை எங்கள் பயிற்சிக் கார் இந்த நிலையத்தின் பெயர்ப்பலகைக் கம்பத்தில் மோதியது சம்பந்தமாக, அன்று மாலை இதே மேசைக்கு முன்னால் நின்று ‘போன் தானாகவே அப்டேட் ஆகிவிட்டது’ என்று நான் வாய்மொழியாகச் சொன்னேன். அது பச்சைப் பொய். அதைத் திருத்துவதற்காக யாரும் கூப்பிடாமல் இன்று நானாக வந்திருக்கிறேன். மாஸ்டரும் கூட வந்து என் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த உண்மை அவருக்கும் இதுவரை தெரியாது. தெரிந்தபின் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியாது.

மாஸ்டருக்கு மூன்று வருடம் முன்பு தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்பு அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காருக்குள் அவர் போடும் சத்தம் அடுத்த காரில் போகிறவருக்கும் பாடம் நடத்தும். ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருக்கும்போது என் அக்கா மகள், கம்ப்யூட்டர் படித்தவள், அவர் போனில் ஒரு செயலியைத் தானே எழுதிப் போட்டுக் கொடுத்தாள். அதில் நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் குரலில் ஒரு வாக்கியத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால், பிற்பாடு அந்தக் கட்டத்தைத் தொட்டதும் போன் அதை அப்படியே பேசும். நாற்பதுக்கு மேல் போட முடியாது. ஒரு மனுஷன் மிச்ச ஆயுசுக்கும் பேசப்போவது நாற்பதே வாக்கியம் என்றால் எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் எட்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் காரைத் தெருக்கோடி மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து தனியாகப் பதிந்தார். வெளியில் சத்தம் கேட்காத இடம் அதுதான் என்று காரணம் சொன்னார். அதன் பிறகு எனக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுக்கென்று ஒரு பக்கம், பன்னிரண்டு கட்டம். ‘சாப்பாடு ஆச்சா’, ‘என் கண்ணாடி எங்க’, ‘ஃபேனைப் போடு’, ‘அதுக்கு இப்ப என்ன’, ‘சரி சரி’ என்று போயிற்று. மீதி இருபத்தெட்டும் காருக்கு, அதில் ஒன்றிரண்டை மட்டும் போட்டுக் காட்டினார். ‘பிரேக், பிரேக், பிரேக்!’ என்பதற்கு ஒன்று, ‘கிளட்சை மெதுவா விடுங்க, அது உங்க மாமியார் கால் இல்லை’ என்பதற்கு ஒன்று. மற்றதை நான் திறந்து பார்த்ததில்லை, அது அவர் தொழில். ஆனால் நாற்பதில் ஒன்றுகூட எனக்கென்று இல்லை என்பதை அன்றே கவனித்துவிட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் போகிற மனுஷனிடம் போய் எனக்கு ஒரு கட்டம் ஒதுக்கு என்று கேட்பதா?

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் கழித்து, போக்குவரத்து அலுவலகத்தார் நேரில் வந்து பார்த்துவிட்டு, போனை வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். காரில் ஸ்டியரிங் பக்கத்தில் போனை மாட்டி வைத்து, ஒரு கையால் கட்டத்தைத் தொட்டுத் தொட்டு இதுவரை இருநூற்றுப் பத்துப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் முதல் கட்டம் ஒரு விதி. ‘நான் பேசலைன்னா நீங்க சரியா ஓட்டுறீங்கன்னு அர்த்தம், பயப்படாதீங்க’ என்பது. புதிதாக வருகிறவர்கள் பயத்தில் இருப்பார்கள் என்பதால், வகுப்பு தொடங்கும்போது தினமும் அதைத்தான் முதலில் தொடுவார்.

அந்தச் செயலி போன் மென்பொருளின் பழைய பதிப்பில்தான் ஓடும். ஆபரேஷன் முடிந்த மாதமே புதிய பதிப்பு வந்தது, அப்போதே அக்கா மகள் கூப்பிட்டு, “சித்தி, அப்டேட் கேட்டா குடுத்துடாதீங்க, நான் எழுதினது அதுல ஓடாது, எனக்கு நேரம் கிடைக்கும்போது மாத்தித் தரேன்” என்றாள். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. நேரம் மட்டும் கிடைக்கவில்லை. அவளைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு, போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கும்போது, அது ‘புதிய பதிப்பு தயார்’ என்று கேட்கும், நான் ‘பிறகு’ என்பதை அமுக்குவேன். மாஸ்டருக்குக் கைவிரல் தடிமன், தப்பாகப் பட்டுவிடும் என்பதால் இந்த வேலை என்னுடையது. மூன்று வருடத்தில் குறைந்தது ஆயிரம் தடவை அமுக்கியிருப்பேன். முதலில் ‘இப்போது’, ‘பிறகு’ இரண்டும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. போகப் போக ‘இப்போது’ நீல நிறத்தில் பெரிதாகி நடுவில் வந்து உட்கார்ந்தது. ‘பிறகு’ சாம்பல் நிறத்தில் சிறுத்து, கண்ணாடி போட்டால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஓரத்துக்குப் போய்விட்டது. வேண்டாம் என்று ஒரு பட்டன் கடைசி வரை இல்லை. கடன் கேட்க வருகிறவன்கூட ஆயிரம் தடவை கேட்டால் நிறுத்திவிடுவான்.

14ஆம் தேதிக்கு முந்தின நாள், மாஸ்டருக்கும் எனக்கும் ஒரு சண்டை. அவர் டாக்டரிடம் செக்கப்புக்குப் போகாமலே, போய்வந்ததாகத் தலையாட்டிப் பொய் சொன்னது சம்பந்தமாக. நான் அரை மணி நேரம் பேசினேன். அவர் ‘சரி சரி’ என்ற கட்டத்தைத் தொட்டார். மறுபடி பேசினேன். மறுபடி ‘சரி சரி’. ஆபரேஷனுக்கு முன்னால் பதிந்த, நல்ல கணீரென்ற, சந்தோஷமான ‘சரி சரி’. மூன்று வருடமாக எந்தச் சண்டைக்கும் அதே ‘சரி சரி’தான். காகிதத்தில் எழுதச் சொன்னால் எழுதமாட்டார். பள்ளிக்கூடத்திலேயே கையெழுத்துக்கு அடி வாங்கினவர், அந்தக் கோழிக்கிறுக்கலை அவராலேயே படிக்க முடியாது. போனில் தட்டிக் காட்டச் சொன்னாலும், விரல் தடிமனைக் காட்டிவிட்டு ‘சரி சரி’யைத்தான் தொடுவார். ஒரு பொம்பளை எத்தனை நாளைக்கு ஒரு பட்டனோடு சண்டை போடுவாள்? அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு 14ஆம் தேதி காலை ஏழு மணிக்குப் போனை எடுத்தேன். வழக்கமான கேள்விக்குக் கீழே, அன்றைக்கு ஒரு புது வரி இருந்தது. ‘நீங்கள் தட்டச்சு செய்வதை உங்கள் போன் இனி உங்கள் மொழியிலேயே பேசும்’ என்று. அதற்கும் கீழே எறும்பு எழுத்தில், ‘சில செயலிகள் மாறுபட்டு இயங்கக்கூடும்’ என்று இருந்தது. இரண்டையும் படித்தேன். மாறுபட்டு இயங்கும் என்றால் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், தேடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். செத்துப்போகும் என்று அதில் போட்டிருக்கவில்லை. அக்கா மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்தும், ‘இப்போது’ என்பதை அமுக்கினேன். எவருடைய தூண்டுதலும் இல்லை. இவர் என்னிடம் புதிதாக ஒரு வார்த்தை பேச வேண்டும், அது திட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்ற ஆசைதான் காரணம்.

போன் எதையோ இறக்கிக்கொண்டே இருந்தது, ஒன்றும் மாறவில்லை. சரி, ஆகவில்லைபோல என்று நினைத்து, ஒன்பது மணிக்கு மாஸ்டர் கேட்டபோது கொடுத்துவிட்டேன். இங்கேதான் நான் செய்தது குற்றம். ‘இன்னைக்கு அமுக்கிட்டேங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காரை எடுத்திருக்கமாட்டார்.

அன்று காலை வகுப்பு கேக் கடைக்காரம்மாவுக்கு. கடைத்தெருவில் கேக் கடை வைத்திருப்பவர், வயது 47, அவருக்கு அது இருபத்திரண்டாம் நாள். இனி சொல்வது அவர் சொல்லியும் மாஸ்டர் சைகையில் காட்டியும் நான் தெரிந்துகொண்டது. ஒன்பது ஐம்பது சுமாருக்குக் கார் காவல் நிலையத் தெருவில் வந்திருக்கிறது. அந்தத் தெரு நேராக இந்த நிலையத்தின் வாசலில் வந்து முட்டி, இடமும் வலமுமாகப் பிரிகிறது. அங்கே வந்ததும் ‘லெஃப்ட்ல திரும்புங்க’ என்ற கட்டத்தைத் தொடுவது வழக்கம். தொடப் போகும்போது போன் திரை கறுத்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்ற ஆரம்பித்தது. மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, அவர் கால் எப்போதும் அதன்மேல்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியில் அவர் காலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்திருக்கிறார். ஏன் என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு விளங்காமல் இருக்கலாம். தன் குரல் கண் முன்னால் அணைந்துபோனால் எந்த மனுஷனும் அதைத்தான் முதலில் பிடிப்பான்.

கேக் கடைக்காரம்மாவோ, மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை, ஆகவே நாம் சரியாகத்தான் ஓட்டுகிறோம் என்று முடிவு செய்து, இடமும் திரும்பாமல் வலமும் திரும்பாமல், மிகுந்த தைரியத்தோடு நேராக நிலையத்துக்குள் ஓட்டிவிட்டார். இருபத்திரண்டு நாளில் அவர் அவ்வளவு நிதானமாக ஓட்டியது அன்றுதான் என்று மாஸ்டர் தெரிவிக்கிறார். கம்பம் சாய்ந்தது. கம்பத்தடியில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளும் சாய்ந்தது. அது இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர் ஐயாவுடையது என்பதும், அவர் அதை வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். கேக் கடைக்காரம்மாவுக்கு நெற்றியில் சிறு வீக்கம். வேறு யாருக்கும் அடி இல்லை.

தகவல் கேட்டு நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தேன். மாஸ்டர் காரை விட்டு இறங்காமல் போனையே தொட்டுக்கொண்டிருந்தார். அது ‘வணக்கம்’ என்று பெரிதாகக் காட்டி, பூப்போட்ட படம் ஒன்று வைத்துக்கொண்டு புத்தம் புதிதாக இருந்தது. செயலியைத் தொட்டால் ‘இந்தச் செயலி இந்தப் பதிப்புக்கு உரியதல்ல’ என்றது. அன்று மாலை உதவி ஆய்வாளர் அம்மா விசாரித்தபோது, பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை சொல்ல வாய் வரவில்லை. அதனால் தானாக ஆயிற்று என்று சொன்னேன்.

15ஆம் தேதி போனை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்றாள். நான் சத்தம் போட்டேன். அதற்கு அவள், “ஆன்ட்டி, பழசுல பூட்டு சரியில்லை. திருடன் உள்ள வந்து பேங்க் பணத்தை எடுத்துட்டுப் போனா, அப்பவும் எங்ககிட்டதான் வந்து அழுவாங்க. எங்க அப்பாவுக்கே நடந்துச்சு” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதையும் இதில் எழுத வேண்டும். பூட்டு மாற்றட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டு மாற்ற வந்த ஆள், கேட்காமல் வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, புதுப் பாத்திரம் வைத்திருக்கிறேன் பாருங்கள் என்றால் எப்படி? பூட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மற்றதைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். எது எது செத்துப்போகும் என்று பெயர் சொல்லி, பெரிய எழுத்தில் போட வேண்டும். இதை அந்தக் கம்பெனிக்கு அனுப்ப வழி உண்டா என்று இன்று இங்கே கேட்டேன். அதற்கு இந்த நிலையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உதவி ஆய்வாளர் அம்மா தெரிவித்தார். அப்படித் தெரிவிக்கும்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் ஒளிர்ந்து, ‘புதிய பதிப்பு தயார்’ என்று காட்டியது. அறையிலிருந்த நான்கு பேரும் அதைப் பார்த்தோம். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அக்கா மகளிடமும் பேசினேன். கிடைக்கிற நேரத்தில் பார்க்கிறேன் என்றும், குரல் பதிவு உள்ளே மிச்சம் இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னாள். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று பதிந்த காலத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அந்த 15ஆம் தேதி மாலையே போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நிலைய அறிக்கையில் ‘பேச இயலாத பயிற்சியாளரின் கவனக்குறைவு’ என்று இருந்தால் மாஸ்டரின் சான்றிதழ் ரத்தாகும் என்று அதில் இருக்கிறது. ராத்திரி அவர் கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் போனபோதுகூட அவர் அப்படி உட்காரவில்லை. அதைப் பார்த்தபின் பொய்யை வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

இந்த இடம் வரை சொல்லி நிறுத்தியபோது, மாஸ்டர் போனை எடுத்து, தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாக ஏதோ தட்டினார். போன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலில், செய்தி வாசிப்பதுபோல், “நீ ஏன் அதை அழுத்தினாய்?” என்று கேட்டது.

நான், “உங்ககூடச் சண்டை போடத்தான்” என்றேன்.

அவர் மறுபடி தட்டினார். “அதற்காக என்னைக் கொலை செய்யப் பார்த்தாயா?” என்றது அந்தப் பெண்.

அதன் பிறகு எங்களுக்குள் ஏறக்குறைய நாற்பது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. செக்கப்புக்குப் போகாதது, என் தம்பி கல்யாணத்தில் அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தது, தொலைந்துபோன என் குடை என்று மூன்று வருடத்துப் பாக்கி அத்தனையும் வந்தது. குடையைத் தொலைத்தது நீதான் என்று அந்தப் பெண் மூன்று முறை சொன்னாள். எழுத்தர் ஐயா இதை எழுதவா வேண்டாமா என்று கேட்டார், உதவி ஆய்வாளர் அம்மா வேண்டாம் என்றார், போன் சத்தத்தைக் குறைக்கும்படியும் சொன்னார். முடிவில் மாஸ்டர் சிரித்தார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. எனக்கு வேண்டியிருந்த சண்டை கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் போட்டது அவர் குரல் இல்லை.

அந்தச் சமயத்தில் கேக் கடைக்காரம்மா, நெற்றியில் பிளாஸ்திரியோடும் கையில் தன் போனோடும் நிலையத்துக்கு வந்தார். மாஸ்டர்மேல் தப்பு இல்லை என்று சொல்ல வந்ததாகச் சொன்னார். “எல்லா கிளாஸையும் நான் பதிவு பண்ணி வெச்சிருக்கேன் மேடம். காலையில மாவு பிசையும்போது போட்டுக் கேட்டுக்கிட்டே, காலால கிளட்ச் பழகுவேன். இவர் எவ்வளவு பொறுப்பாச் சொல்லித் தராருன்னு நீங்களே கேளுங்க” என்று சொல்லி, பன்னிரண்டாம் நாள் பகல் வகுப்பைப் போட்டார்.

‘நான் பேசலைன்னா நீங்க சரியா ஓட்டுறீங்கன்னு அர்த்தம்’ என்று மாஸ்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். அதன் பிறகு பிரேக், கிளட்ச், மாமியார் கால் எல்லாம் வந்தது. உதவி ஆய்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதன் பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்று வந்தது. அது பின்வருமாறு: ‘ஹாரன் வேண்டாம், ஹாரன் வேண்டாம். இது எங்க வீட்டுத் தெரு. மேல எங்க வீட்டம்மா தூங்குறாங்க. காலையில நாலரைக்கு எழுந்திரிச்ச ஜீவன். செகண்ட் கியர்ல, பூனை மாதிரி போங்க. அவங்க முழிச்சிக்கிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.’

நான் தினமும் பகல் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் படுப்பேன். இருபத்தாறு வருடமாக அந்தத் தெருவில் வண்டிச் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் இந்த மூன்று வருடத்தில் எங்கள் பள்ளிக் கார் ஒருநாளும் அங்கே ஹாரன் அடித்ததில்லை. பழகுகிறவர்கள் பயந்துகொண்டு அடிக்காமல் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பகல் வகுப்பில் எங்கள் தெருவுக்குள் வந்தால் தவறாமல் இதைத் தொடுவார் என்றும், இது தனக்கு மனப்பாடம் என்றும் கேக் கடைக்காரம்மா சொன்னார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காணாமல் போனவர்கள் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.

கேக் கடைக்காரம்மா இருபத்திரண்டு வகுப்பையும் கொடுப்பதாகவும், அவரைப்போல் இன்னும் யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரிப்பதாகவும் சொன்னார். உதவி ஆய்வாளர் அம்மா தன் வரைவு அறிக்கையை எடுத்து, ‘பேச இயலாத பயிற்சியாளரின் கவனக்குறைவு’ என்ற வரியை என் கண் முன்னால் அடித்தார். போனை அமுக்கியதும், அமுக்கியதை மறைத்ததும் நான்தான். அதற்குரிய தண்டனை எதுவானாலும் எனக்கு வரட்டும், சான்றிதழை அவரிடமிருந்து எடுக்க வேண்டாம். கம்பத்தையும் மோட்டார் சைக்கிளையும் நாங்கள் சரி செய்து கொடுக்கிறோம்.

இறுதியாக ஒன்று. நாற்பதில் ஒன்றுகூட எனக்கென்று இல்லை என்று இந்த வாக்குமூலத்தின் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த வரியையும் அடித்துவிடும்படி எழுத்தர் ஐயாவைக் கேட்டேன். அறிக்கையில் அடிக்கலாம், வாக்குமூலத்தில் அடிக்கக் கூடாது, சொன்னது சொன்னதுதான் என்றார். ஆகவே அந்த வரி தவறு என்று இங்கே பதிவு செய்கிறேன். ஒன்று இருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

எழுத்தர் ஐயா இதை முதலிலிருந்து வாசித்துக் காட்ட, நானும் மாஸ்டரும் கேட்டோம். குடை சம்பந்தப்பட்ட இடம் தவிர மற்றதில் மாஸ்டருக்கும் ஆட்சேபணை இல்லை. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஆபீஸம்மா

என் முன்னிலையில்: உதவி ஆய்வாளர்

எழுதியவர்: நிலைய எழுத்தர். அடித்தல்: இல்லை. திருத்தம்: ஒன்று.